மெத்தடோன் மையத்தை எதிர்க்கும் மனுவில் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா?

கல்லணை82:

வணக்கம் நண்பர்களே. ஓஹையோவில், கொலம்பஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் பதினோரு வருடமாகக் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் குடியிருப்பிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, மூடிக்கிடந்த பழைய பர்னிச்சர் கடையில், ஓபியாய்டு (ஹெராயின், அபின் வகை வலி மாத்திரைகள்) பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு மெத்தடோன் என்ற மருந்து கொடுக்கும் சிகிச்சை மையம் வரப்போகிறது. அனுமதி தரலாமா என்று வரும் செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம். நம் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் எதிர்ப்பு மனு போன வாரமே சுற்ற ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது, வீட்டு விலை இறங்கிவிடும், ஊசி போட்டுக்கொண்டு பூங்காவில் கிடப்பார்கள் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், அந்தப் பயம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் கையெழுத்துப் போட கை வரவில்லை. என்னோடு ஆறு வருடமாக ஒரே டீமில் வேலை பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார், தெற்கு ஓஹையோவில் போர்ட்ஸ்மத் ஊர்க்காரர். அவருடைய மகன் இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோனான், 24 வயது. பள்ளியில் ஃபுட்பால் ஆடி முழங்கால் போய், அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுத்த வலி மாத்திரையில் தொடங்கியது. நடுவில் ஒரு வருடம் மெத்தடோனில் நன்றாகவே இருந்திருக்கிறான். மையம் நாற்பது மைல் தள்ளி. தினமும் காலை ஐந்து மணிக்கு இவர்தான் காரில் கூட்டிப்போய், அங்கே மருந்தைக் குடிக்க வைத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எங்கள் ஒன்பது மணி மீட்டிங்கில் வந்து உட்காருவார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு பனிக்காலத்தில் கார் பழுதாகி நான்கு நாள் போக முடியவில்லை, பையன் தெருவில் கிடைத்ததை வாங்கிவிட்டான். அடக்கத்துக்குப் போயிருந்தேன். "பக்கத்தில் இருந்திருந்தால் நடந்தே போயிருப்பான்" என்று மட்டும் சொன்னார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதனால் கேட்கிறேன். மெத்தடோனும் போதை மருந்துதானே, ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுப்பது எப்படிச் சிகிச்சையாகும் என்று குழுவில் கேட்கிறார்கள், என்னிடம் விடை இல்லை. இப்படி மையம் வந்தால் குற்றம் கூடுமா? இது வேண்டாமென்றால் வேறு என்னதான் செய்வது, எல்லோரையும் பிடித்து உள்ளே போடுவதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாத்திரைச்சீட்டு:

நான் ஃபார்மசிஸ்ட். 2006-ல் வேலைக்குச் சேர்ந்த முதல் ஊர் தெற்கு மேற்கு வர்ஜீனியாவில், நிலக்கரிச் சுரங்கப் பகுதி. அங்கே பார்த்ததைச் சொல்லிவிட்டு உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

காலையில் கடை திறப்பதற்கு முன்பே வெளியூர் நம்பர் பிளேட் கார்கள் நிற்கும். ஒரே டாக்டரின் சீட்டு, ஒரே மருந்து, வரிசையாக. நான் மேலே கேட்டேன், சீட்டு சரியாக இருந்தால் கொடு என்றார்கள், கொடுத்தேன். இன்றைக்கும் அந்த முகங்கள் மறக்கவில்லை. பக்கத்து மாவட்டத்தில் கெர்மிட் என்று ஓர் ஊர், ஜனத்தொகை 400 கூட இல்லை, அந்த ஊரின் ஒரு கடைக்கு இரண்டே வருடத்தில் கிட்டத்தட்ட 90 லட்சம் ஹைட்ரோகோடோன் என்ற ஓபியாய்டு வலி மாத்திரை போயிருக்கிறது. சார்ல்ஸ்டன் பத்திரிகை ஒன்று அதைத் தோண்டி எடுத்து வெளியிட்டது, எழுதிய நிருபருக்கு 2017-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அனுப்பியவர்கள் எல்லோரும் லைசென்ஸ் வாங்கிய மொத்த விநியோக நிறுவனங்கள்.

இதற்கு விதை போட்டது பர்டூ ஃபார்மா என்ற மருந்து நிறுவனம். 1996-ல் ஆக்சிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைச் சந்தையில் இறக்கி, இதில் அடிமையாகிறவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்று டாக்டர்களிடம் போய்ச் சொல்ல வைத்தார்கள். அந்தக் காலத்தில் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டது 1980-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஐந்து வரிக் கடிதம், அதுவும் ஆஸ்பத்திரிக்குள் மருந்து வாங்கிய நோயாளிகளைப் பற்றியது. 2007-லும் 2020-லும் அந்த நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. நடுவில் 2010-ல் மாத்திரையைப் பொடித்து உறிஞ்ச முடியாதபடி மாற்றினார்கள். பழகிப்போனவர்களுக்கு யாரும் சிகிச்சைக்கு வழி செய்யவில்லை, அவர்கள் ஹெராயினுக்குப் போனார்கள், 2013-க்குப் பிறகு ஹெராயினிலும் ஃபென்டனில் என்ற செயற்கை ஓபியாய்டு வந்து கலந்தது. அது ஹெராயினைவிட ஐம்பது மடங்கு வீரியம். 2022-ல் எல்லா போதைப்பொருளும் சேர்ந்து இந்த நாட்டில் 1,07,000 பேருக்கு மேற்பட்டவர்களின் உயிரை எடுத்துக்கொண்டது, பெரும்பாலும் ஃபென்டனில்தான். 2024-ல் அது 80,000 அளவுக்கு இறங்கியிருக்கிறது. இறங்கினதே பெரிய விஷயம், ஆனாலும் அது எத்தனை வீடு என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. பழகிப்போன உடம்புக்கு ஓபியாய்டு நின்றால் வருவது சும்மா ஆசை இல்லை. வாந்தி, வயிற்றுப்போக்கு, எலும்புக்குள் குடைச்சல், தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள். அதிலிருந்து தப்பிக்கத்தான் அடுத்த டோஸைத் தேடி ஓடுகிறார்கள், சுகத்துக்காக இல்லை. மெத்தடோன் மெதுவாக ஏறி ஒரு நாள் முழுக்க நிற்கும், சரியான அளவில் கொடுத்தால் மயக்கம் கிடையாது, வேலைக்குப் போகலாம், பிள்ளையைப் பள்ளியில் விடலாம். பியூப்ரெனார்பின் என்று இன்னொன்று, நாக்குக்கு அடியில் வைப்பது, அதில் ஓரளவுக்கு மேல் மூச்சை அமுக்காது, அதனால் இன்னும் பாதுகாப்பு. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றில் இருப்பவர்களிடையே சாவு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பிரான்ஸ் 1995-லேயே சாதாரணக் குடும்ப டாக்டர்கள் பியூப்ரெனார்பின் எழுதலாம் என்று திறந்துவிட்டது, நாலு வருடத்தில் அங்கே ஹெராயின் சாவு ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. அமெரிக்காவிலோ 2022 டிசம்பர் வரை அதை எழுத டாக்டருக்குத் தனி அனுமதி வேண்டும். ஆக்சிகான்டின் எழுத அப்படி எந்த அனுமதியும் வேண்டியதில்லை. இதைத்தான் என்னால் ஜீரணிக்கவே முடிவதில்லை.

குற்றம் பற்றி: பால்டிமோரில் மெத்தடோன் மையங்களைச் சுற்றி எண்ணிப் பார்த்தார்கள், மையத்தை நெருங்க நெருங்கக் குற்றம் கூடவில்லை. மூலைக்கு மூலை இருக்கிற சில்லறைக் கடைகளைச் சுற்றித்தான் கூடியிருந்தது. அந்தக் கடைகளுக்கு எதிராக யாரும் மனு எழுதுவதில்லை.

வில்லமெட் ஓரம்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்லப்போகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போர்ட்லண்டில் இருக்கிறேன். 2020 நவம்பரில் ஒரேகானில் 110-வது தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவன் நான். சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருந்தால் சிறை கிடையாது, 100 டாலர் அபராதம், அதுவும் ஒரு ஹெல்ப்லைனுக்கு ஃபோன் செய்தால் தள்ளுபடி, மிச்சமாகும் பணம் சிகிச்சைக்கு. கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. 2021 பிப்ரவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது, சிகிச்சைக்கான பணம் போய்ச் சேர ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆனது. ஹெல்ப்லைனுக்கு யாரும் கூப்பிடவில்லை என்றே சொல்லலாம். நான் ரயிலேறும் நிலையத்தில் பட்டப்பகலில் அலுமினியத் தாளில் வைத்துப் புகைத்துக்கொண்டு நின்றார்கள், என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பான், போலீஸ் பார்த்துக்கொண்டே போகும். 2024 செப்டம்பரிலிருந்து மறுபடியும் குற்றமாக்கிவிட்டார்கள். அதற்கும் நான் ஆதரவுதான்.

ஃபென்டனில் மேற்குக் கரைக்கு வந்து சேர்ந்ததும் அதே சமயம்தான், எல்லாப் பழியையும் சட்டத்தின் மேல் போட முடியாது, அது எனக்கும் தெரியும். போர்ச்சுகல் 2001-லிருந்து இதைச் செய்கிறதே என்று இங்கே எல்லோரும் சொன்னோம். ஆனால் அங்கே பிடிபட்டவரை ஒரு குழு முன்னால் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், அதே கையோடு சிகிச்சைக்கும் வழி இருக்கிறது. நாங்கள் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். தண்டனையை எடுத்தோம், அந்த இடத்தில் வைக்க வேண்டியதை வைக்கவில்லை.

அதனால் கல்லணை, உங்கள் குழுவில் பயப்படுகிறவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், தெரு எப்படி ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஆனால் மெத்தடோன் மையமும் தெருவில் புகைப்பதும் ஒன்றில்லை. உங்கள் ஊருக்கு வருவது எங்களுக்குக் கிடைக்காமல் போனது. எதிர்ப்பதற்குப் பதிலாகக் கூட்டத்தில் நிபந்தனை கேளுங்கள்: வாகனம் நிறுத்த எவ்வளவு இடம், காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள், வாசலில் ஆள் போட்டிருக்கிறார்களா, சிகிச்சையை நிறுத்துகிறவர்களை அப்படியே வெளியே விட்டுவிடுவார்களா, பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்ல ஃபோன் எடுக்கிற ஒரு மனிதர் உண்டா. அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே நல்ல மையமா, பணம் பண்ண வந்ததா என்று தெரிந்துவிடும்.

ஓர் அம்மா:

இந்தத் தளத்தில் எட்டு வருடமாகச் சமையல் பகுதியில் எழுதுகிறேன். இதை எழுத வேறு பெயரில் வந்திருக்கிறேன், அதற்கு முதலில் மன்னிக்க வேண்டும்.

என் மகனுக்கு இப்போது 26. கல்லூரி இரண்டாம் வருடம் தோள்பட்டை இறங்கி, கொடுத்த மாத்திரை இரண்டு வாரத்தில் தீர்ந்தது. அப்புறம் நண்பர்களிடம், அப்புறம் ஃபோனில் யாரிடமோ. நீல நிறத்தில் மருந்துக் கடை மாத்திரை மாதிரியே இருக்கும், உள்ளே ஃபென்டனில். எங்களுக்குத் தெரியவந்தபோது ஒரு வருடம் ஓடிவிட்டது. படிப்பில் கவனம் குறைகிறது, காதல் தோல்வியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் செய்ததை இங்கே பலர் செய்வீர்கள் என்பதால் சொல்கிறேன். ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டோம். திருச்சி பக்கம் என் தம்பி வீட்டில் ஆறு மாதம் விட்டோம், சேர்க்கை மாறினால் எல்லாம் மாறும் என்று. முதல் பத்து நாள் பட்ட அவஸ்தையைத் தம்பி ஃபோனில் சொல்லும்போது நான் இங்கே அழுவேன். பிறகு தேறினான். உடம்பு போட்டது, வயலுக்குப் போனான், பாட்டிக்குக் கோலப்பொடி வாங்கிக் கொடுத்தான். சமயபுரத்தில் முடி இறக்கினோம். எல்லாம் முடிந்தது என்று திரும்பக் கூட்டிவந்தோம்.

மூன்று வாரம். ஒரு நாள், ஒரே ஒரு மாத்திரை, முன்பு சாப்பிட்ட அதே அளவு. ஆறு மாதத்தில் உடம்பு அதைத் தாங்கும் பழக்கத்தை விட்டுவிட்டது என்பது அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. குளியலறைக் கதவை உடைத்தபோது உதடு சாம்பல் நிறமாக இருந்தது. என் மகள் தன் கல்லூரியில் கொடுத்த நார்கான் ஸ்ப்ரேயை, அளவு மீறிய ஓபியாய்டை முறிக்கும் மூக்கு மருந்தை, பையில் வைத்திருந்தாள். அவள்தான் அடித்தாள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என்னால் வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், மருந்து இல்லாமல் சும்மா விலக்கி வைத்துவிட்டு விடுவதுதான் ரொம்ப ஆபத்தான நேரம் என்று. அப்புறம்தான் படித்தேன். வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து வெளியே வந்தவர்களைப் பார்த்தால், முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் ஓவர்டோஸில் சாகிற அபாயம் மற்றவர்களைப் போல 129 மடங்காம். ரோட் ஐலண்டில் 2016-லிருந்து சிறைக்குள்ளேயே இந்த மருந்துகளைக் கொடுத்து, வெளியே வந்த பிறகும் தொடர வைத்தார்கள், விடுதலையானவர்களின் சாவு பாதிக்கும் மேல் குறைந்தது. நான் என் பிள்ளையை அன்பாகத்தான் ஊரில் கொண்டுபோய் வைத்தேன். ஆனால் உடம்புக்கு அதுவும் சிறையும் ஒன்றுதான் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

இப்போது மூன்றரை வருடமாகப் பியூப்ரெனார்பின். வேலைக்குப் போகிறான். உறவுக்காரர்களிடம் ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை என்று சொல்லி வைத்திருக்கிறோம். விஷயம் தெரிந்த ஒரே ஒரு குடும்பத்தில், பார்க்கும்போதெல்லாம் "இன்னுமா மருந்து சாப்பிடுகிறான், எப்பத்தான் நிறுத்துவான்" என்று கேட்கிறார்கள். அப்படிக் கேட்கிறவரே முப்பது வருடமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், அதை யாரும் எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்பதில்லை.

அந்த மனுவில் கையெழுத்துப் போட்ட எழுபது எண்பது வீட்டில் ஒரு வீட்டிலாவது என்னைப் போல ஒருத்தி இருப்பாள். சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று அவளும் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

வைகைக்கரை டாக்டர்:

மதுரையில் வலி நிவாரண சிகிச்சை பார்க்கிறேன், பெரும்பாலும் முற்றிய புற்றுநோய். இந்த விவாதத்தின் மறுபக்கம் ஒன்று என் மேஜைக்குத் தினமும் வருகிறது, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஃபோன் செய்வார்கள். "டாக்டர், அப்பாவுக்கு மார்ஃபின் வேண்டாம், இங்கே அதனால் எத்தனை பேர் சாகிறார்கள் தெரியுமா" என்பார்கள். அப்பா இங்கே எலும்பில் புற்று பரவி, திரும்பிப் படுக்க முடியாமல் இருப்பார். இந்தியாவே மருந்துக்காக அபின் செடி பயிரிடுகிற நாடு, மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்ஸ் கொடுத்து வளர்க்கிறார்கள். ஆனால் 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பயந்து மார்ஃபின் வைத்திருப்பதையே ஆஸ்பத்திரிகள் விட்டுவிட்டன, ஒரு தலைமுறையே வலியோடு போய்ச் சேர்ந்தது. 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தி ஓரளவு எளிதாக்கினார்கள். இன்னும் எத்தனையோ ஊரில் கிடைப்பதில்லை.

அமெரிக்காவிலும் பயம் வந்த பிறகு இதே தவறு நடந்தது. ஓபியாய்டு எழுதுவது பற்றி டாக்டர்களுக்கு 2016-ல் வந்த வழிகாட்டுதலைச் சட்டம் மாதிரி பிடித்துக்கொண்டு, வருடக்கணக்காக மருந்தில் இருந்த வலி நோயாளிகளுக்கு ஒரே அடியாக வெட்டினார்கள், 2022-ல் அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. தாராளமாகக் கொட்டியதும் கொலைதான், கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும் கொலைதான். முற்றிய நோயில் இருக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கு டாக்டர் கண்காணிப்பில் மார்ஃபின் கொடுப்பதைத் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டிலும் டேபென்டடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்கிற இளைஞர்கள் வருகிறார்கள். செய்தியில் பறிமுதல், கைது என்றுதான் வரும். பிடிபட்ட பையனுக்கு அடுத்த வாரம் என்ன ஆயிற்று என்று யாரும் எழுதுவதில்லை. இங்கேயும் அரசு மையங்களில் பியூப்ரெனார்பின் கொடுக்கிறார்கள், ஆனால் இருப்பது மிகக் கொஞ்சம், இருப்பது தெரிந்தவர்களும் கொஞ்சம்.

கல்லணை82:

எல்லோருக்கும் நன்றி. அம்மா, நீங்கள் எழுதியதை நானும் மனைவியும் சேர்ந்து படித்தோம், அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வேண்டியிருக்கவில்லை. கையெழுத்துப் போடவில்லை. செவ்வாய்க்கிழமை பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன், மூன்று நிமிடம் தருவார்கள். வில்லமெட் ஓரம் சொன்ன கேள்விகளை அப்படியே கேட்கப்போகிறேன்.

இன்னொரு விஷயமும் மனதில் ஓடுகிறது. மாத்திரைச்சீட்டு சொன்ன மொத்த விநியோக நிறுவனங்களில் பெரிய மூன்றில் ஒன்றான கார்டினல் ஹெல்த்தின் தலைமையகம் இங்கே ஓஹையோவின் டப்ளினில்தான் இருக்கிறது, நம் ஆட்களில் எத்தனையோ பேர் அங்கே வேலை பார்த்திருக்கிறோம். அந்த மூன்றும் ஜான்சன் அண்ட் ஜான்சனும் சேர்ந்து 26 பில்லியன் டாலர் வரை தர ஒப்புக்கொண்ட ஓபியாய்டு வழக்குப் பணத்தில் ஓஹையோவுக்கு வருவதில் 55 சதவீதம் ஒன்ஓஹையோ என்ற அறக்கட்டளைக்கும், 30 சதவீதம் நேரடியாக ஊர்களுக்கும் கவுண்டிகளுக்கும் போகிறது. எங்கள் ஊர் அதில் என்ன செய்தது என்பதையும் கேட்பேன். சில இடங்களில் போலீஸ் வண்டி வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இந்த நார்கான் எங்கே வாங்குவது, எங்களைப் போன்றவர்களும் வீட்டில் வைத்திருக்கலாமா?

மாத்திரைச்சீட்டு:

கட்டாயம் வைத்திருங்கள். 2023-லிருந்து சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கிடைக்கும். ஓஹையோவில் புராஜெக்ட் டான் என்ற திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அது 2012-ல் முதன்முதலில் தொடங்கியது உங்கள் நண்பரின் போர்ட்ஸ்மத்தில்தான், தெரியாவிட்டால் அவரிடம் சொல்லுங்கள்.

உபயோகிப்பது எளிது. ஆள் எழுப்பினால் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, தொண்டையில் கரகரவென்று குறட்டை மாதிரிச் சத்தம் வந்தாலோ, 911-ஐக் கூப்பிடுங்கள். உதடு நீலமாகும் என்று போட்டிருப்பார்கள். நம் நிறத்தில் அந்த அம்மா சொன்ன மாதிரி சாம்பல் நிறமாகத்தான் தெரியும், நகத்தையும் பாருங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, ஒரு மூக்கில் நுழைத்து அழுத்திவிடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் இன்னொன்றை மறு மூக்கில். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கூடவே இருங்கள், எழுந்து உட்கார்ந்துவிட்டான் என்று விட்டுவிட்டுப் போகக் கூடாது. நார்கானின் வேலை 30 முதல் 90 நிமிடம்தான், ஃபென்டனில் அதற்குப் பிறகும் உடம்பில் இருந்தால் மறுபடி மூச்சு அமுங்கும். ஓபியாய்டு இல்லாத ஆளுக்கு அடித்தாலும் கெடுதல் ஒன்றுமில்லை, அதனால் தயங்க வேண்டாம்.

பெட்டியை வாங்கினதும் காரில் போட்டு வைக்கிறார்கள் பலர். கோடையில் காருக்குள் சூடு ஏறினால் மருந்து கெட்டுவிடலாம், பனிக்காலத்தில் உறைந்தால் ஸ்ப்ரே வராது. வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற ஒரு அலமாரியில் வையுங்கள், பெண் பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.